கல் மாற்றிப் போடுகிறவர்

என் அப்பா முப்பத்திரண்டு வருடம் ஒரே வேலை பார்த்தார். நகரத்து மீன் காட்சியகத்தில் ஒன்பதாம் எண் தொட்டியைப் பார்த்துக்கொள்கிற வேலை. சுறா நீந்தும் பெரிய தொட்டி வேறொருவருடையது. சுவரில் படம், பள்ளிப் பிள்ளைகளின் கைதட்டல் எல்லாம் அந்த ஆளுக்குத்தான். அப்பாவின் தொட்டியில் இருந்தவை கைவிரல் நீளத்துக்கு மேல் வளராத பவளப்பாறை மீன்கள். வருகிறவர்கள் அதன்முன் ஒரு நிமிடம்கூட நிற்கமாட்டார்கள். "சுறா எந்தப் பக்கம்?" என்று அப்பாவிடமே கேட்பார்கள். அவரும் கையை நீட்டி, சிரித்துக்கொண்டே வழி காட்டுவார். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனிதர்.

அந்த மனிதர் ஒரு பெண்ணைத் தன் வீட்டில் குடிவைக்க முடியாமல் போனதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். முடியாமல் செய்தவள் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மூடி வைத்திருந்து கண்ணீர் வரவழைக்கிற சாமர்த்தியம் எனக்கு இல்லை.

அவருடைய மீன்களைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல வராது. டாம்சல் என்று பெயர். குட்டியாக இருக்கும்போது மஞ்சளும் நீலமுமாக மின்னும். வளர வளர நிறம் மங்கிச் சேறு பூசியதுபோல் ஆகிவிடும். குணம் மட்டும் நாளுக்கு நாள் காரமாகும். கடலில் ஆழம் குறைந்த இடத்தில், உடைந்த பவளக் கற்களுக்கு நடுவே, சாப்பாட்டு மேசை அளவு இடத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றும் குடியிருக்கும். அந்த இடத்தில் கல்மேல் மெல்லிய பாசி வளர்க்கும். வளர்க்கும் என்றால் நிஜமாகவே வளர்க்கும். தனக்குப் பிடிக்காத பாசி முளைத்தால் வாயால் பிடுங்கி, எல்லைக்கு வெளியே கொண்டுபோய்த் துப்பிவிட்டு வரும். தன்னைவிட இருபது மடங்கு பெரிய மீன் மேய வந்தாலும் நேராகப் போய் முட்டும். உடம்பெல்லாம் முள்ளாக ஊர்ந்து வரும் கடல் முள்ளெலியை, ஒரு முள்ளை வாயில் கவ்வித் தரதரவென்று இழுத்து வெளியே போடும். அப்பா தொட்டிக்குள் கையை விட்டால் அவர் கையையும் கொத்தும். கண்ணாடியில் காதை வைத்தால் 'டக் டக்'கென்று அது திட்டுவது கேட்கும்.

"வெளியில் தெரியாது, இவங்களுக்குள்ள எல்லாம் கோடு போட்ட மாதிரி இருக்கும்" என்பார் அப்பா. பக்கத்துக் கல்லில் குடியிருக்கும் மீனோடு பெரிய சண்டை கிடையாது. இவன் எல்லை எது, அவன் எல்லை எது என்று இரண்டுக்கும் தெரியும். முறைத்துக்கொள்வதோடு சரி. புதிதாக ஒருவன் வந்தால்தான் ஆபத்து.

புது மீனைக் கொண்டுபோய் அப்படியே தொட்டியில் விட்டால் அதற்கு நிற்க இடம் இருக்காது. எந்தப் பொந்தில் நுழைந்தாலும் அந்தப் பொந்துக்குச் சொந்தக்காரன் வந்து வாலைக் கடிப்பான். அங்கிருந்து ஓடினால் அடுத்த சொந்தக்காரன். கடைசியில் மேலே, தண்ணீர் விழும் குழாய் ஓரமாக ஒரு மூலையில் போய் அசையாமல் நிற்கும். கீழே இறங்காது. தீனி போட்டால் தின்னாது. ஐந்தாறு நாளில் செத்து மிதக்கும். கொன்றது யார் என்று யாரையும் காட்ட முடியாது. ஆளுக்கு ஒரு கடிதான் கடித்திருப்பார்கள்.

அதற்கு அப்பாவிடம் ஒரு வைத்தியம் இருந்தது. புது மீன் வரும் நாளில், காட்சியகம் மூடியதும், பழைய மீன்களை வாளிகளில் பிடித்து வைத்துவிட்டுத் தொட்டியில் உள்ள கற்களையெல்லாம் வெளியே எடுப்பார். ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து கிலோ. எல்லாவற்றையும் சேர்த்தால் இருநூறு கிலோவுக்குக் குறையாது. உள்ளே எந்த மீனாவது ஒளிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு ஓட்டையாக விளக்கடித்துப் பார்ப்பார். பிறகு வேறு மாதிரி அடுக்குவார். இடது பக்கத்துக் கல் வலது பக்கம், கவிழ்ந்திருந்தது நிமிர்ந்து, குகை இருந்த இடத்தில் மேடு. முதலில் புது மீன் உள்ளே போகும். ஒரு மணி நேரம் கழித்து விளக்கை அணைத்துவிட்டுப் பழையவர்கள்.

"விடிஞ்சு பார்த்தா எல்லாருக்கும் எல்லாமே புதுசு. எல்லாரும் ஒரே நாள்ல குடி வந்த மாதிரி ஆயிடும். அவனவன் வீடு தேடிக்கவே நேரம் சரியா இருக்கும். அப்புறம் யாரு யாரை வெளிய போன்னு சொல்றது?" என்பார். இந்தப் பாடத்தை என்னிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். எனக்கு அப்போது அது மீன் சமாச்சாரம்.

ஒரே ஒரு சமயம் மட்டும் அவர் கல்லைத் தொடமாட்டார். பெட்டை மீன் கல்லில் முட்டையிட்டுப் போனபின் ஆண்தான் காவல் இருக்கும். இரவும் பகலும் துடுப்பால் விசிறிக்கொண்டு, கெட்ட முட்டையைப் பொறுக்கித் தின்றுகொண்டு, பக்கத்தில் வருகிற எதையும் விரட்டிக்கொண்டு. அந்தக் கல்லை அசைத்தால் முட்டை போய்விடும். மேலாளர் வந்து, புது மீன் மூன்று நாளாகப் பிளாஸ்டிக் பையிலும் வாளியிலும் கிடக்கிறதே என்று சத்தம் போடுவார். அப்பா தலையை ஆட்டுவார். செய்யமாட்டார். "முட்டை பொரியட்டும் சார். ஒரு வாரம்தான்." இதைப் பொறுமை என்று எல்லாரும் பாராட்டினார்கள். நான் இப்போது அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறேன்.

என் அம்மா அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தாள். எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது நான்கே மாதம் படுத்திருந்து போய்ச் சேர்ந்தாள். இரண்டு வருடம் அப்பாவும் நானும் மட்டும். மூன்றாவது மாடியில் ஒரு கூடம், ஒரு உள் அறை, ஒரு சமையலறை. டப்பாக்கள் அம்மா வைத்த வரிசையில் இருந்தன. கட்டில் அம்மா போட்ட சுவரோரம் இருந்தது. பீரோவில் அம்மாவின் துணி, சாவி என் கழுத்தில்.

பிறகு அத்தை கிளம்பினாள். அப்பாவின் அக்கா. அவள் ஒரு காரியத்தில் இறங்கினால் முடிக்காமல் ஓயமாட்டாள். "பொம்பளப் பிள்ளையை வெச்சுக்கிட்டு இப்படியே எத்தனை நாள் ஓட்டுவ?" என்று அப்பாவை வாரம் ஒருமுறை வந்து குடைந்தாள். அவளே ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்து வைத்தாள். முப்பத்து நான்கு வயது. நோயாளி அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் கல்யாணம் தட்டிப்போனவள். பதிவு அலுவலகத்தில் நாலு பேர் முன்னால் கையெழுத்துப் போட்டார்கள். நான் போகவில்லை. வயிற்றுவலி என்று சொல்லி எதிர்வீட்டு அக்கா வீட்டில் படுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் எங்கள் வீட்டுக்குள் எதையோ இழுக்கும் சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். கட்டில் ஜன்னல் பக்கம் வந்திருந்தது. சமையலறை டப்பாக்கள் எல்லாம் கூடத்துத் தரையில் இருந்தன. பீரோ அறை நடுவே நின்றது. அப்பா சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அதைத் தோளால் தள்ளிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வேர்வை, ஆனால் அவ்வளவு உற்சாகமாக அவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"வாம்மா. எல்லாத்தையும் மாத்திப் போட்டுடலாம்னு பார்க்கிறேன். நம்ம மூணு பேருக்கும் புது வீடு மாதிரி இருக்கும். உனக்கு எந்தப் பக்கம் வேணும், சொல்லு."

நான் பீரோவைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. எதிர்வீட்டு அக்கா ஓடி வந்ததும், கீழ்மாடியில் கதவு திறந்ததும் நினைவிருக்கிறது. வாசலில் ஒரு பெண் கையில் பழுப்பு நிறப் பெட்டியோடு நின்றதும் நினைவிருக்கிறது. உள்ளே வரலாமா வேண்டாமா என்று தெரியாமல் அவள் பெட்டியைக் கீழேகூட வைக்கவில்லை.

அப்பா என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு, "சரிம்மா, சரி. அழாத" என்று பீரோவைத் திருப்பித் தள்ள ஆரம்பித்தார். கட்டில் பழைய சுவருக்கே போனது. டப்பாக்கள் ஒவ்வொன்றாகப் பழைய தட்டுக்கே ஏறின. எது எங்கே என்று நான்தான் சொன்னேன், அழுதுகொண்டே, ஆனால் ஒன்றுவிடாமல். அவள் பெட்டியை மூலையில் வைத்துவிட்டு அவருக்கு டப்பாக்களை எடுத்துக் கொடுத்தாள். அதுதான் என் சித்தி எங்கள் வீட்டில் செய்த முதல் வேலை.

விரல் நீள மீனுக்காக இருநூறு கிலோ கல்லைத் தூக்கிப் போட்டவர், ஒரு பெண்ணுக்காக ஒரு பீரோவை நகர்த்த முடியாமல் போனார். அன்றைக்கு என் கையைப் பிடித்து இழுத்து ஓரமாக உட்கார வைத்திருந்தால் நான் ஒரு வாரம் அழுதிருப்பேன். அவ்வளவுதான் ஆகியிருக்கும். அவர் என்னை அடித்ததில்லை, திட்டியதில்லை. அதற்காக அவர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு.

அதற்குப் பிறகு நான் சித்தியோடு சண்டை போட்டதே இல்லை. கேட்டால் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. அவள் டப்பாவை இடம் மாற்றி வைத்தால் ஒன்றும் பேசாமல் திருப்பி வைத்துவிடுவேன். "அம்மா இதை இங்கதான் வெப்பாங்க" என்று சுவரைப் பார்த்துச் சொல்வேன். பயமாக இருக்கிறது என்று உள் அறைக் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டேன். சித்தி கூடத்தில் படுத்தாள். அப்பா வாசல் பக்கம் பாய் போட்டுக்கொண்டார். பீரோ சாவியைக் குளிக்கும்போதுகூடக் கழற்றமாட்டேன். அவளைச் சித்தி என்று கூப்பிடமாட்டேன். 'அவங்க' என்பேன், அவள் பக்கத்தில் நிற்கும்போதே. அவள் தன் துணியைக் கடைசிவரை அந்தப் பழுப்புப் பெட்டியிலிருந்துதான் எடுத்து உடுத்தினாள். இரண்டு வருடம், விருந்தாளி மாதிரி.

எதிர்வீட்டு அக்கா எங்கள் சமையலறைக்குள் நேராக வருவாள். சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டு போய் நாலு நாள் கழித்துத் திருப்பித் தருவாள், அதுவும் பாதி காலியாக. எனக்கு ஒன்றுமே தோன்றாது. சித்தி கரண்டியை வேறு ஆணியில் மாட்டினால் மட்டும் உடம்பெல்லாம் எரியும். இது மீனுக்கும் உள்ள குணம்தான் என்று பிறகு அப்பா எனக்குச் சமாதானம் சொல்லியிருக்கிறார். அந்தச் சமாதானம் எனக்கு வேண்டாம். மீனுக்கு அது பிழைப்பு. அந்தக் கல்லை விட்டால் அதற்குச் சோறு கிடையாது. எனக்கு மூன்று வேளையும் சோறு போட்டவளே அவள்தான். நான் செய்தது வெறும் வீம்பு.

அவள் வந்து ஐந்து மாதம் இருக்கும், ஒரு விடுமுறை நாளில் அப்பா எங்கள் இருவரையும் காட்சியகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். சித்தி சுறாவைப் பார்க்கக்கூடப் போகவில்லை. ஒன்பதாம் தொட்டி முன்னாலேயே நின்றாள்.

"அது மட்டும் ஏங்க மேலயே நிக்குது?"

"புதுசு. நேத்துதான் விட்டாங்க. நான் லீவுல இருந்தப்ப மேலாளர் விடச் சொல்லிட்டார்."

"மத்ததெல்லாம் கடிக்குதா?"

"ஆமா. கல்லை மாத்திப் போட்டா சரியாயிடும்."

"அப்ப மாத்திப் போடுங்களேன்."

"அந்த மூலைக் கல்லுல முட்டை இருக்கு. பொரியட்டும். இன்னும் நாலஞ்சு நாள்தான்."

திரும்பி வரும்போது சித்தி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். அந்த வாரக் கடைசியில், சாப்பாடு போட்டுக்கொண்டே, "அந்த மீன் என்ன ஆச்சு?" என்று கேட்டாள். "போயிடுச்சு" என்றார் அப்பா. அவள் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்துவிட்டு உள்ளே போனாள். எனக்கு அப்போது பதினொரு வயது. எல்லாம் புரிந்தது, ஒன்றும் புரியாத மாதிரி சாப்பிட்டேன்.

இரண்டாம் வருட முடிவில் சித்தி தன் கைக்காசில் ஒரு பலகை வாங்கினாள். இரண்டு முழ நீளம் இருக்கும். குளியலறைக்குப் போகும் வழியில், யாருக்கும் தேவைப்படாத ஒரு துண்டுச் சுவர் இருந்தது. அங்கே தானே ஆணி அடித்து மாட்டினாள். அதன்மேல் சீப்பு, எண்ணெய்ப் புட்டி, மூக்குக் கண்ணாடிக் கூடு, அவள் அம்மாவின் சின்னப் படம். பள்ளியிலிருந்து வந்து பார்த்தேன். எல்லாவற்றையும் எடுத்து அவள் பெட்டிமேல் அடுக்கிவிட்டு, பலகையில் என் பள்ளிக்கூடக் காலணியை வைத்தேன். நன்றாகத் துடைத்துத்தான் வைத்தேன்.

அப்பா வந்ததும் சித்தி அவரைக் கூப்பிட்டு அந்தச் சுவரைக் காட்டினாள். அவர் பார்த்தார். "சின்னப் பொண்ணு. விடு. பெரியவளானா சரியாயிடும்" என்றார். நான் உள் அறையில் கணக்கு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு கேட்டேன். ஜெயித்தது போல இருந்தது.

அடுத்த வாரம் சித்தி, அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். பெட்டியில் எடுத்து வைக்க ஒன்றும் இல்லை, எல்லாம் அதிலேயேதான் இருந்தது. என் தலையை ஒருமுறை தடவினாள். நான் நகர்ந்துகொண்டேன். பத்து நாள் ஒரு மாதமானது. அப்பா, "வருவா" என்றார். ஒரு வருடம் கழித்தும் அதையேதான் சொன்னார், குரல் மட்டும் இறங்கியிருந்தது. பிறகு சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

நான் படித்தேன். வேலைக்குப் போனேன். இருபத்தாறு வயதில் கல்யாணமாகி ஏழு மணி நேரப் பயண தூரத்தில் இருக்கும் ஊருக்குப் போனேன். என் கணவருக்கு ஒரு தங்கை, பதினான்கு வயது. நான் அந்த வீட்டுக்குள் நுழைந்த அன்று அவள் என்னைக் கையைப் பிடித்துத் தன் அலமாரி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். மேல் தட்டு இரண்டையும் காலி செய்து, காகிதம் விரித்து வைத்திருந்தாள். "இது உங்களுக்கு அண்ணி. பத்தலேன்னா மூணாவதையும் எடுத்துக்கங்க" என்றாள். நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அம்மா ஞாபகம் போலிருக்கிறது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

அன்றைக்கே சித்தியைத் தேடிப் போயிருந்தால் நான் மனுஷி. போகவில்லை. ஒரு பெரிய கம்பெனியின் புகார் பிரிவில் எனக்கு வேலை. நாள் முழுக்க ஊரார் குறையைக் காதில் வாங்கி, வருந்துகிறோம் என்று சொல்கிற உத்தியோகம். சொந்தக் குறைக்கு மட்டும் லீவு கிடைக்கவில்லை. வருடத்துக்கு நாலு நாள் அப்பா வீட்டுக்கு வருவேன். உள் அறையில் படுத்துத் தூங்கிவிட்டுப் போவேன்.

எனக்கு நாற்பது வயதானபோது அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். எழுபது வயது. எதிர்வீட்டு அக்காதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் மாவுக்கட்டுப் போட்டுவிட்டு எனக்குப் போன் செய்தாள். மூன்று வாரம் கழித்து இரண்டு நாள் லீவு கிடைத்து வந்தேன். ஒற்றைக் கையால் சட்டைப் பொத்தான் போட அவர் படும் பாட்டைப் பார்த்தேன். தனியாக இவரை விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று தோன்றியது. அப்போதுதான் சித்தியைத் தேடிப் போனேன். இதையும் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மன்னிப்புக் கேட்பதற்காக மட்டும் நான் போகவில்லை, எனக்கு ஆள் தேவைப்பட்டது.

அதே சலவைக் கடைதான். இப்போது சித்தி கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். கடைக்கு மேலேயே ஓர் அறையில் குடியிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"உங்கப்பாவுக்கு ஒண்ணும் இல்லையே? போன தடவை வரலையேன்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன்."

"போன தடவைன்னா?"

"மாசாமாசம் வருவாரே. முதல் சனிக்கிழமை."

முதல் சனிக்கிழமை தொட்டிக்கு உப்பு வாங்கப் போகிறேன் என்பார் அப்பா. ஓய்வு பெற்றபின், தன்னோடு வேலை பார்த்தவர்களைப் பார்க்கப் போகிறேன் என்பார். இருபத்தேழு வருடம்.

மேலே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தாள். சின்ன அறை, இரண்டு பக்கமும் ஜன்னல். டீ போட்டுக் கொடுத்தாள். அப்பா கையை ஒடித்துக்கொண்டதைச் சொன்னேன். எந்தக் கை, வலிக்கிறதா, தூங்குகிறாரா என்று வரிசையாகக் கேட்டாள்.

"வந்து என்ன பேசுவாருங்க?"

"என்ன பேசறது. மீனைப் பத்திச் சொல்வார். உன்னைப் பத்திச் சொல்வார். டீ குடிப்பார். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எழுந்துப்பார்."

நான் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். வாயைத் திறந்தால், 'உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்கிற ஆபீஸ் வரிதான் நாக்கு நுனியில் நின்றது. கடைசியில், "நான் உங்களை இருக்கவிடாம பண்ணிட்டேன், சித்தி" என்றேன். அந்த வார்த்தையை முதல்முறையாகச் சொன்னேன்.

"நீ சின்னப் பொண்ணு. அம்மா போன பொண்ணு. உன்மேல எனக்கு எப்பவும் கோபம் இல்ல." டம்ளரைக் கீழே வைத்தாள். "இருந்துச்சு கொஞ்சம். அந்தப் பலகைக்கு."

"வீட்டுக்கு வந்துடுங்க. இப்பவாவது."

"உங்கப்பா ஒரு தடவைகூட என்னை வான்னு கேட்கல, தெரியுமா? கேட்டிருந்தா முதல் வருஷமே வந்திருப்பேன். உன் பரிட்சை முடியட்டும்னார். வேலை கிடைக்கட்டும்னார். கல்யாணம் ஆகட்டும்னார். நீ கல்யாணம் ஆகிப் போனதும் நான் துணியெல்லாம் எடுத்துப் பெட்டியில வெச்சுட்டேன். அந்த மாசமும் வந்தார், டீ குடிச்சார், எழுந்துட்டார். நானே வெட்கத்தை விட்டுக் கேட்டேன், இப்ப என்ன தடைன்னு."

"என்ன சொன்னார்?"

"லீவுக்கு வந்தா அவ ரூம் அவளுக்கு வேணும்ல, அது மாறிப்போச்சுன்னா அவ முகம் வாடிடும்னார்."

பதினாலு வருடம். வருடத்துக்கு நாலு நாள். ஐம்பத்தாறு நாள் நான் தூங்குவதற்காக அந்த அறை அத்தனை வருடமும் காத்திருந்தது.

"இனிமே என்னால அங்க வர முடியாதும்மா. கோபத்துல சொல்லல. இங்க எனக்குப் பழகிடுச்சு" என்றாள் சித்தி. "அவரு வேணும்னா இங்க வரட்டும். கை சரியாகற வரைக்கும் இல்ல, இருக்கிற வரைக்கும். ஒரு கட்டில் போட இடம் இருக்கு."

இருக்கிறதா என்று அவளுக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். எழுந்து மேசையைப் பிடித்து இழுத்தாள். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். மேசையை ஜன்னல் ஓரத்திலிருந்து சுவர்ப் பக்கம் தள்ளினோம். அலமாரியை ஒரு முழம் நகர்த்தினோம். அவள் காலால் அடியடியாக அளந்து பார்த்து, "போதும். தாராளமா வரும்" என்றாள். மூச்சு வாங்கியது. மேசையைப் பழைய இடத்துக்குத் திருப்பித் தள்ளவில்லை, அப்படியே விட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திருட்டுத்தனம் அகப்பட்ட பிள்ளை மாதிரி மாவுக்கட்டைத் தடவிக்கொண்டு கேட்டார்.

"அளந்து பார்த்தாளா?"

"பார்த்தாங்க. இடம் இருக்கு."

"நல்ல வெளிச்சமான ரூம் அது" என்றார். முகம் மலர்ந்தது. கிளம்பிவிடுவார் என்றே நினைத்தேன். பரண்மேல் இருந்த பையை இறக்கினேன்.

"சட்டையெல்லாம் எடுத்து வைக்கட்டுமாப்பா?"

"இரு. இப்ப என்ன அவசரம். கட்டுப் பிரிக்கட்டும்."

"கட்டோடவே போகலாம்பா. அங்க அவங்க பார்த்துப்பாங்க."

"அதுக்கில்லம்மா. நான் போயிட்டா இந்த வீட்டைக் காலி பண்ணணும். நீ லீவுக்கு வந்தா எங்க இருப்ப?"

"எனக்கு வேண்டாம்பா. நான் வரமாட்டேன்னே வெச்சுக்கங்க."

அவர் முகம் விழுந்துவிட்டது. "அப்படியெல்லாம் சொல்லாத" என்றார். "உன் ரூம் இருக்கட்டும். நீ வருவல்ல."

அப்போதே அந்தப் பீரோவைத் தெருவில் இறக்கியிருக்க வேண்டும். கட்டிலைப் பிரித்துப் போட்டுவிட்டு, அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். அந்த மனிதரிடம் அது பெரிய வேலையே இல்லை, இரண்டு தடவை அதட்டினால் வந்திருப்பார். எனக்கு மறுநாள் காலையில் பஸ், அதற்கடுத்த நாள் ஆபீஸ். "சரிப்பா, கட்டுப் பிரிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள் அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

மூன்று வாரத்தில் கட்டுப் பிரித்தார்கள். கூடப் போனது எதிர்வீட்டு அக்கா. நான் மறுபடி அந்த வீட்டுக்குப் போனது ஒன்பது மாதம் கழித்து. அப்பா அங்கேயேதான் இருந்தார். உள் அறையில் இரண்டு நாள் இருந்தேன்.